மண்டியிடாத கடிதங்கள்

கிட்டெங்கா, மசாகா
1996 ஜனவரி 21, ஞாயிறு

என் மகள் டொரொசிக்கு,

இங்கே எல்லோரும் நல்லபடி விழித்தோம். நீயும் நல்லபடி விழித்தாயா? இருமல் விட்டதா? கர்த்தர் உன் தலைமாட்டில் இருக்கிறார் என்று நம்பி எழுதுகிறேன்.

ஜனவரி 6 என்று தேதியிட்ட உன் கடிதம் 17ஆம் தேதி ஆலயத்தின் தபால் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. பதினொரு நாள். நோட்டில் குறித்துவிட்டேன். போன கடிதத்துக்கு ஒன்பது நாள்தான்.

ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போகும்போது பெண்பிள்ளைகளும் வெள்ளைச் சட்டையும் நீலக் கால்சட்டையும்தான் போட வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். காபிக் கொட்டையைக் கிளறிவிடப் போனவர் சாயங்காலம்வரை வீட்டுக்குள் வரவில்லை. வந்ததும், "கால்சட்டை போட்டுக்கிட்டு எப்படி மண்டி போடுவா?" என்று மட்டும் கேட்டார். முழங்கால் துணிக்கு உள்ளேதானே இருக்கிறது என்றேன். சிரிக்காமல் சாப்பிட உட்கார்ந்தார். அவருக்குச் சம்மதம் என்று வைத்துக்கொள்.

நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். ஜெபப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகக் கற்றவள். நரம்பு, தசை என்று நீ எழுதுவதில் பாதி எனக்கு விளங்காது. ஆனால் ஒன்று தெரியும். அங்கே படுத்துக் கிடப்பவர்கள் பெரும்பாலும் உன்னைவிட மூத்தவர்கள். தொடுவதற்கு முன், நம் பெண்கள் பெரியவர்களுக்குச் செய்வதுபோல, மண்டியிட்டு வணக்கம் சொல். வணக்கம் சொல்லாமல் தொடுகிற கை திருடன் கை.

நாலு வயதில் ரெவரெண்டுக்குத் தண்ணீர் கொண்டுபோனாயே, நினைவிருக்கிறதா? பானையோடு மண்டியிட்டாய். பானை உடைந்தது. அன்றைக்கு ஓர் அடி கொடுத்துச் சொன்னதையே இன்றைக்கும் சொல்கிறேன். கையில் எது இருந்தாலும் முதலில் கீழே வை. பிறகு மண்டியிடு.

உன் அப்பா விசாரித்தார். கோழி பதினாலு குஞ்சு பொரித்தது, ஒன்று செத்தது. கர்த்தருடைய சமாதானம் உன்னோடு.

உன் அம்மா,
யூனியா நபக்கூசா


கம்பாலா
பிப்ரவரி 4

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் முழங்காலிட்டு வணக்கம் சொல்கிறேன். அங்கே மழை உண்டா? அம்மாவின் தோள்வலி எப்படி? நான் சுகம். இருமல் போய்விட்டது.

பயிற்சி தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. பிசியோதெரபி முதலாம் ஆண்டு என்றால் வைத்தியம் பார்ப்போம் என்று நினைக்காதீர்கள். துவாலை மடிக்கிறோம். மணல் பைகளை அடுக்குகிறோம். மூத்த மாணவர்கள் நோயாளியின் கையை மடக்கி நீட்டும்போது எத்தனை தடவை என்று எண்ணிச் சொல்கிறோம். எண்ணுவதில் நான்தான் தப்பே செய்வதில்லையாம். யார் பெற்ற பிள்ளை!

எங்கள் மேற்பார்வையாளர் மிஸ்டர் பியாருகாங்கா. மேற்கே டோரோ பக்கத்துக்காரர். அவருக்கு ஒரே ஒரு வேதவசனம்தான். எழுந்து நிற்கிற நோயாளியின் இடுப்பில் அகலமான துணிப் பட்டை கட்டுவோம், அவர் சாய்ந்தால் பிடித்துக்கொள்வதற்கு. "பட்டையிலேருந்து கை எடுக்கக் கூடாது. கூரை தீப்பிடிச்சாலும் எடுக்கக் கூடாது. தீயை வேற யாராவது அணைப்பாங்க" என்பார்.

நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். காலையில் ஒவ்வொரு கட்டிலருகேயும் மண்டியிட்டு வணக்கம் சொல்கிறேன். கூட இருக்கிற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மிஸ்டர் பியாருகாங்கா, "மகாராணி, கட்டிலுக்குக் கட்டில் இப்படி மண்டி போட்டுக்கிட்டிருந்தா வார்டை முடிக்கக் கிறிஸ்துமஸ் வந்துடும். அப்புறம் உன் முட்டிக்குத்தான் முதல்ல வைத்தியம் பாக்கணும்" என்கிறார். கோபமில்லை, கேலிதான்.

எல்லாருக்கும் மணிநேரக் கணக்குப் புத்தகம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். ஜூலைக்குள் இருநூறு மணி நேரம், ஒவ்வொரு நாளுக்கும் மேற்பார்வையாளர் கையெழுத்தோடு. குறைந்தால் இரண்டாம் ஆண்டுக்குப் போக முடியாது. இப்போது முப்பத்திரண்டு.

உங்கள் மகள்,
டொரொசி


கிட்டெங்கா
பிப்ரவரி 18, ஞாயிறு

என் மகளுக்கு,

இங்கே நாங்கள் எழுந்து நடமாடுகிறோம், கர்த்தருக்கு நன்றி. என் தோள்வலி இருந்தபடியே இருக்கிறது. அதைக் கேட்கவும் ஒரு பிள்ளை இருக்கிறாளே என்பது பாதி மருந்து.

அந்த டோரோக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். அவர் கற்றுத்தருவதைக் கையில் வாங்கிக்கொள். நான் கற்றுத்தந்ததை விட்டுவிடாதே.

இப்போது துக்கமான செய்தி. சாலொங்கோ வாலுகெம்பேவுக்கு இம்மாதம் 9ஆம் தேதி காலையில் பக்கவாதம் வந்துவிட்டது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஆலயத்து முரசுக்குப் புதுத் தோல் மாட்டிக்கொண்டிருந்தாராம், அப்படியே பக்கவாட்டில் சரிந்துவிட்டார். கம்பாலாவில் இருக்கிற மூத்த மகன் வந்து கூட்டிப்போனான். அவர் மனைவி நாலொங்கோவும் கூடப் போயிருக்கிறாள். இரட்டைப் பிள்ளைகளைத் தூக்கித் திரிந்து சாலொங்கோ என்று பேர் வாங்கிய கையாயிற்றே அது என்று புலம்பிக்கொண்டே வண்டி ஏறினாள். நீ இருக்கிற ஆஸ்பத்திரிதான் என்று அவன் எழுதிக்கொடுத்த சீட்டிலிருந்து தெரிகிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை முரசை அவருடைய தம்பி மகன் அடிக்கிறான். சமையலறைக்காரிகள் கூழ் கிண்டுகிற சத்தம் போல இருக்கிறது. ஆலயத்துக்கு அழைக்கிற முரசு என்றே தெரியாமல் நாங்கள் ஆறு பேர் தாமதமாகப் போனோம்.

அவரைத் தேடிப் பார். மண்டியிட்டு என் பெயரைச் சொல். உன் ஞானஸ்நானத்தன்று முரசடித்தவர் அவர்.

உன் அம்மா


கம்பாலா
மார்ச் 3

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் முழங்காலிட்டு வணக்கம். சுகமா? நான் சுகம்.

சாலொங்கோ எங்கள் வார்டில்தான் இருக்கிறார், ஜன்னலோரம். உங்கள் கடிதம் வந்த அன்றே போய் மண்டியிட்டேன். யாருடைய மகள் என்று கேட்டார். சொன்னேன். வலது கையால் கண்ணை மூடிக்கொண்டார். பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு, "யூனியா பொண்ணா? உங்கம்மா பாட ஆரம்பிச்சா என் முரசே வெக்கப்படும்" என்றார். கேலியா பாராட்டா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அதிலிருந்து தினமும் காலையில் அவர் கட்டிலுக்குத்தான் முதலில் போகிறேன். எப்படி விடிந்தது என்று கேட்பேன். வீட்டிலிருப்பவர்களை ஒவ்வொருவராக விசாரிப்பார், உங்கள் கோழி உட்பட. மிஸ்டர் பியாருகாங்கா கடிகாரத்தைக் காட்டுவார்.

இடது காலில் பலம் திரும்புகிறது, அம்மா. முதலில் பெருவிரல், பிறகு கணுக்கால். நான்தான் எண்ணுகிறேன். போன வாரம் ஆறு தடவை, இந்த வாரம் பத்தொன்பது தடவை. இரண்டு வாரத்தில் அவரை பிடித்துக்கொண்டு நிற்கிற இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே நிறுத்தப் போகிறார்கள். மிஸ்டர் பியாருகாங்கா முன்னால் நிற்பார். பின்னால் பட்டையைப் பிடிக்கப் போவது நான். முதலாம் ஆண்டில் வேறு யாருக்கும் இது கிடைக்கவில்லை.

ஈஸ்டருக்கு முரசடிக்க முடியுமா என்று கேட்டார். நின்றுகொண்டு அடிப்பதற்கு இன்னும் நாளாகும், ஆனால் அடிப்பீர்கள் என்று மிஸ்டர் பியாருகாங்கா சொன்னார். அவர் வெறுமனே ஆறுதல் சொல்கிறவர் இல்லை.

எண்பத்தாறு மணி நேரம் ஆகிவிட்டது.

உங்கள் டொரொசி


கிட்டெங்கா
மார்ச் 10, ஞாயிறு

மகளே, சுகமாக இரு.

கடிதம் ஏழே நாளில் வந்தது. ஆலய வாசலிலேயே நின்று படித்தேன். மாதர் சங்கத்தில் எல்லோரும் கேட்டார்கள். சாலொங்கோ நிற்கப்போகிறார் என்று சொன்னதும் எழுந்து ஒரு பாட்டுப் பாடினோம். என் குரலைக் குறைத்துக்கொண்டேன், முரசு வெட்கப்படக் கூடாது அல்லவா.

பத்தொன்பது தடவை என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். அடுத்த எண்ணிக்கையை அனுப்பு. மழை தொடங்கிவிட்டது. அப்பா சேறும் சந்தோஷமுமாக இருக்கிறார்.

உன் அம்மா


கம்பாலா
மார்ச் 24

அன்புள்ள அம்மாவுக்கு,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். நான் நலம்.

19ஆம் தேதி செவ்வாய்க்கிழமை கம்பிகளுக்கு நடுவே நிற்கும்போது சாலொங்கோ விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு, தொடையோடு சேரும் இடத்தில், உடைந்துவிட்டது. காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பல வாரம் அப்படியே கிடக்க வேண்டும்.

தானே கம்பியை விட்டுவிட்டதாக அவர் சொன்னார்.

மணிநேரப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிவிட்டேன். தேர்வு வருகிறது. இனி அடிக்கடி எழுத முடியாது.

டொரொசி


கிட்டெங்கா
ஏப்ரல் 14, ஞாயிறு

என் மகள் டொரொசிக்கு,

உயிர்த்தெழுந்தவரின் பெயரால் வாழ்த்து. நாங்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா?

உன் கடிதம் படித்து அழுதோம். ஈஸ்டருக்கு முரசு அடிக்கப்பட்டது, கூழ் கிண்டுகிறவன்தான் அடித்தான்.

ஆனால் நீ எழுதாமல் விட்டதை நாலொங்கோ வந்து சொல்லிவிட்டாள். மாற்றுத்துணி எடுக்க ஊருக்கு வந்திருந்தாள். சாலொங்கோ சாய்ந்தபோது நீயும் கூடவே தரையில் முழங்கால் போட்டு அவரைத் தாங்கப் பார்த்தாயாமே. மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தபோது அவர் கீழே, நீ முழங்காலில். எல்லா மாணவர்களையும் கூட்டி வைத்து, "நோயாளி விழுந்தா நாமளும் கூட விழணும், இந்தப் பொண்ணைப் பாத்துக் கத்துக்குங்க" என்றாராம். உன் புத்தகத்தில் நல்ல வார்த்தை எழுதினாராம். "உன் வயித்துல பொறந்தது வீண் போகல, யூனியா" என்று நாலொங்கோ என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இதைப் போன புதன்கிழமை மாதர் சங்கத்தில் எழுந்து நின்று சொன்னேன். பெருமைக்காக அல்ல, சாட்சியாக. சரி, கொஞ்சம் பெருமையும்தான். கர்த்தருக்கு எல்லாம் தெரியும், அவரிடம் மறைத்து என்ன. பிள்ளையை மண்டியிடப் பழக்குங்கள், ஆபத்தில் அதுவே அவளுக்குக் கைகொடுக்கும் என்று சொன்னேன். மூன்று இளம் தாய்மார்கள் தலையாட்டினார்கள்.

ஒரு சின்னக் குறை. உன் கடிதத்தின் முதல் வரியில் நீ மண்டியிடவில்லை. அவசரத்தில் விட்டுப்போயிருக்கும். அப்பாதான் முதலில் கவனித்தார்.

உன் அம்மா


கிட்டெங்கா
மே 12, ஞாயிறு

மகளே,

சுகமா என்று கேட்கிறேன். பதில் வந்தால் சுகம் என்று எழுதிக்கொள்வேன்.

என் கடிதம் போய் இருபத்தெட்டு நாள் ஆகிறது. பெட்டியை வாரத்துக்கு மூன்று முறை திறக்கிறேன். பிஷப்பின் சுற்றறிக்கை வருகிறது, விதைக் கடைக்காரன் காகிதம் வருகிறது.

சாலொங்கோவை 4ஆம் தேதி கொண்டுவந்துவிட்டார்கள். பிக்கப் வண்டியில் மெத்தை போட்டு, வாழையிலையால் வெயில் மறைத்து. எலும்பு சரியாகக் கூடவில்லை. இனி நிற்கமாட்டார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பக்கவாதத்தால் அல்ல, விழுந்ததால். காலில் பலம் வந்துகொண்டிருந்ததாம்.

பார்க்கப் போனேன். உன்னைப் பற்றி விசாரித்தார். எப்படி விழுந்தீர்கள் என்று நான் கேட்டதற்கு, "கிழவன் கைக்குப் புத்தி கிடையாது" என்று சொல்லிவிட்டு என் கோழிகளைப் பற்றிக் கேட்டார். அவருடைய வலது கையைப் பார்த்தேன். நாற்பது வருஷம் முரசுக்கோலைப் பிடித்த கை. அது எதையும் தானாக விடுகிற கை அல்ல.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்தேன். கல்லூரி சேர்ந்ததிலிருந்து ஒன்பது கடிதம். எட்டில் முதல் வரியிலேயே மண்டியிட்டிருக்கிறாய். ஒன்பதாவதில் இல்லை. அது அவர் விழுந்து ஐந்து நாளுக்குப் பிறகு எழுதியது. அவசரத்தில் விட்டுப்போனது என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

என்ன நடந்தது, டொரொசி?

உன் அம்மா


கம்பாலா
மே 26

அம்மா,

நீங்கள் சுகம்தானா என்று கேட்கவே நாக்கு எழவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்திலும் மண்டியிடவில்லை. காரணத்தை எழுதுகிறேன்.

அன்று காலையில் பேருந்து தாமதமாகிவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் சாலொங்கோவைக் கம்பிகளுக்கு நடுவே கொண்டுவந்திருந்தார்கள். கட்டிலருகே வணக்கம் சொல்ல முடியாமல் போயிற்று. ஓடிப்போய்ப் பின்னால் நின்று பட்டையைப் பிடித்தேன். அவர் எழுந்தார். அம்மா, அவர் நின்றார். இரண்டு காலிலும். நான் எண்ணினேன், முப்பத்தொன்று வரை. அடுத்த கட்டிலில் யாரோ கூப்பிட்டதால் மிஸ்டர் பியாருகாங்கா என்னைப் பார்த்து, பிடித்துக்கொள் என்று சைகை காட்டிவிட்டு இரண்டடி நகர்ந்தார்.

சாலொங்கோ தலையை லேசாகத் திருப்பினார். ஆலயத்தில் நிற்கிற மாதிரி நேராக நின்றுகொண்டு, "எப்படி விடிஞ்சுது, மகளே?" என்று கேட்டார்.

பெரியவர் முதலில் கேட்டுவிட்டார். நான் கேட்டிருக்க வேண்டியது. அந்த வெட்கத்தில் யோசிக்க நேரமில்லை. கையில் இருந்ததை விட்டேன். பிறகு மண்டியிட்டேன். நீங்கள் சொல்லித்தந்த அதே வரிசையில். முழங்கால் தரையில் பட்ட பிறகுதான் கை காலியாக இருப்பது தெரிந்தது. நல்லபடி விடிந்தது ஐயா என்று நான் சொல்வதற்குள் அவர் என் பக்கத்தில் விழுந்து கிடந்தார்.

நான் தாங்கப் பார்க்கவில்லை, அம்மா. அவர் சாய்வதற்கு முன்பே நான் கீழே இருந்தேன்.

மிஸ்டர் பியாருகாங்கா திரும்பிப் பார்த்து அப்படி எடுத்துக்கொண்டார். நான் வாய் திறந்தேன். அதற்குள் சாலொங்கோ, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "நான்தான் விட்டுட்டேன், பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். வாயை மூடிக்கொண்டேன். அன்று மூடியது மூடியதுதான். புத்தகத்தில் எழுதப்பட்ட நல்ல வார்த்தையை ஒரு நாளும் நான் படிக்கவில்லை. நூற்று எழுபது மணி நேரம் ஆகிவிட்டது.

உங்கள் ஏப்ரல் கடிதத்தைப் படித்தபோது, மாதர் சங்கத்தில் நீங்கள் எழுந்து நின்றதைப் படித்தபோது, இனி எழுதவே கூடாது என்று முடிவு செய்தேன்.

சாலொங்கோவிடம் சொல்லுங்கள் என்று கேட்கமாட்டேன். அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே.

டொரொசி


கிட்டெங்கா
ஜூலை 7, ஞாயிறு

என் மகள் டொரொசிக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீ சாப்பிடு. தூங்கு. இதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றது பிறகு.

உன் கடிதம் ஜூன் 5 வந்தது. முப்பத்திரண்டு நாள் பதில் எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். நாலு கடிதம் எழுதினேன். முதலாவதில் உன்னைத் திட்டியிருந்தேன். இரண்டாவதில் அந்த டோரோக்காரரை. மூன்றாவதில் பேருந்தை. நாலாவதில் யாரையும் திட்டவில்லை, அதனால் அதில் எழுத ஒன்றுமில்லாமல் போயிற்று. நாலையும் அடுப்பில் போட்டேன்.

பானை உடைந்த அன்று உன்னை அடித்தேனே, அந்த அடி இருபது வருஷம் கழித்து ஒரு மனிதரின் இடுப்பில் போய் விழும் என்று யாருக்குத் தெரியும். உன் அப்பாவிடம் சொன்னேன். "அந்தப் பானை பழசு. நான் அப்பவே சொன்னேன்" என்றார். காபித் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஜூன் 15 சாலொங்கோவிடம் போனேன். நாலொங்கோ சந்தைக்குப் போயிருந்தாள். கட்டிலருகே மண்டியிட்டேன். வணக்கம் சொல்லி முடித்தும் எழவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன்.

"யூனியா, அந்த ஆஸ்பத்திரியில என்னைத் திருப்பினாங்க, துடைச்சாங்க, தூக்கினாங்க. நல்ல மனுஷங்கதான். ஆனா எப்படி விடிஞ்சுதுன்னு ஒருத்தரும் கேக்கல. மூட்டைகிட்ட யாராவது அதைக் கேப்பாங்களா? உன் பொண்ணு ஒருத்திதான் தினமும் கேட்டா. அன்னிக்கு நான் நின்னுட்டேன். நின்ன சந்தோஷத்துல, இன்னிக்கு நாம முதல்ல கேப்போம்னு தோணுச்சு. அவ மண்டி போடுவான்னு எனக்குத் தெரியாதா? நாற்பது வருஷமா இந்த ஊர்ல பாக்குறேன். தெரிஞ்சும் கேட்டது நான். மரியாதை பண்ணதுக்காக ஒரு பிள்ளை மேல புகார் சொல்லச் சொல்றியா?"

எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை மாதர் சங்கத்தில் எழுந்து, ஏப்ரலில் நான் சொன்ன சாட்சி தவறு என்று சொன்னேன். நடந்ததையும் சொன்னேன். யாரும் பாட்டு எடுக்கவில்லை. நாலொங்கோ தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இரண்டு ஞாயிறு என் பக்கத்தில் உட்காரவில்லை. போன வியாழக்கிழமை ஆள் அனுப்பினாள். "அழுறதுக்கு வர்றதா இருந்தா வராதே. தூக்கிவிட வர்றதா இருந்தா வா" என்று சொல்லி அனுப்பினாள்.

எப்படித் தூக்குவது என்று எழுது. எனக்குத் தெரியாது.

உன் புத்தகத்தில் இருக்கிற அந்த நல்ல வார்த்தையை என்ன செய்வது என்று நான் சொல்லமாட்டேன். இதுவரை சொன்னது போதும்.

உன் அம்மா


கம்பாலா
ஜூலை 21

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் முழங்காலிட்டு வணக்கம். இப்போது கையில் எதுவும் இல்லை.

திங்கட்கிழமை மிஸ்டர் பியாருகாங்காவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். கேலி செய்யவில்லை. எழுந்து போய் ஜன்னலருகே நின்றார். "நான் ரெண்டடி நகர்ந்தேன். அதுவும் என் கணக்குல இருக்கு" என்றார். பிறகு உட்கார்ந்து, "உன் முட்டி மேல எனக்குக் கோபமில்லை. கை மேலதான் கோபம்" என்றார். மார்ச் 19இலிருந்து அவர் போட்ட கையெழுத்துகளை எல்லாம் கோடு போட்டு அடித்தார். இரண்டாம் ஆண்டுக்குப் போக முடியாது. ஜனவரியில் புதிதாக வருகிற பிள்ளைகளோடு முதலிலிருந்து பயிற்சி செய்ய வேண்டும். துவாலை மடிப்பதிலிருந்து. கல்லூரியில் இடம் போகவில்லை, அது அவர் எழுதிய கடிதத்தால்.

இப்போதும் மண்டியிடுகிறேன், அம்மா. கட்டிலருகே, கையைக் கழுவுவதற்கு முன். பட்டையைப் பிடித்த பிறகு யாரும் எனக்குப் பெரியவர் இல்லை.

சாலொங்கோவுக்கு: நிற்க வைக்கக் கூடாது. கட்டிலோரத்தில் உட்கார வைக்கலாம். முதுகுப் புண் வராது, நெஞ்சில் சளி கட்டாது. நல்ல பக்கமாக, வலது பக்கம், மெதுவாகத் திருப்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, தோளுக்குக் கீழே கைகொடுத்து எழுப்புங்கள். வலிக்கிறது என்றால் நிறுத்துங்கள். இடுப்பில் அகலமான துணி ஒன்றைக் கட்டுங்கள். பக்கத்தில் நின்று இரண்டு கையாலும் பிடியுங்கள். முதல் நாள் இருபது எண்ணினால் போதும்.

யார் வந்தாலும் கையை எடுக்காதீர்கள்.

உங்கள் டொரொசி


கிட்டெங்கா
ஆகஸ்ட் 11, ஞாயிறு

என் மகள் டொரொசிக்கு,

நல்லபடி விழித்தோம். உனக்கும் அப்படியே விடிந்திருக்கட்டும். அப்பா காபி மூட்டை தைக்கிறார். ஜனவரிக்கு உனக்குப் புதுக் கால்சட்டை தைக்க வேண்டுமா என்று கேட்டார். அவராகவே கேட்டார்.

நீ எழுதியதை நாலொங்கோவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். அகலமான துணிக்கு எங்கே போவது என்று பார்த்தோம். பிறகு என் ஞாயிற்றுக்கிழமை உடுப்பான கோமெசியின் இடுப்புக் கச்சையை எடுத்துப்போனேன். உன் ஞானஸ்நானத்துக்குக் கட்டிய சிவப்புப் பட்டு. "பொம்பளைக் கச்சையைக் கட்டிக்கிட்டு நான் யாருக்கு வாழ்க்கைப்படப் போறேன்?" என்று கேட்டார் சாலொங்கோ. பேசாமல் இருங்கள் என்று நாலொங்கோ அதட்டினாள். விழுந்ததற்குப் பிறகு அவள் அவரை அதட்டியதை நான் அன்றுதான் கேட்டேன்.

ஜூலை 31: பன்னிரண்டு எண்ணும்வரை. ஆகஸ்ட் 3: இருபத்தாறு. ஆகஸ்ட் 6: நாற்பது, அதில் பத்து அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நிற்க முடியாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஜன்னல் வழியாக ஆலயத்துக் கூரை தெரிகிற மாதிரி கட்டிலைத் திருப்பிப் போட்டிருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை உட்கார வைத்திருந்தோம். நான் இரண்டு கையாலும் கச்சையைப் பிடித்திருந்தேன். ஐம்பத்தேழு எண்ணும்போது வாசலில் நிழல் விழுந்தது. ரெவரெண்ட் வந்திருந்தார், கூட இரண்டு சபை மூப்பர்கள். நாலொங்கோ சட்டென்று மண்டியிட்டாள். உதவிக்கு வந்திருந்த அவள் மகளும் மண்டியிட்டாள். ரெவரெண்ட் என்னைப் பார்த்து, எப்படி விடிந்தது யூனியா என்று கேட்டார்.

என் முழங்கால் மடங்கிவிட்டது, டொரொசி. பாதி மடங்கிவிட்டது. ஐம்பத்திரண்டு வயது முழங்கால், அதற்கு வேறெதுவும் தெரியாது. அந்த ஒரு நொடியில் உன்னை அந்தக் கம்பிகளுக்கு நடுவே பார்த்தேன்.

கையை எடுக்கவில்லை. நின்றபடியே, ரெவரெண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நல்லபடி விடிந்தது ஐயா என்று சொன்னேன். மூப்பர்களில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். எழுபது வந்ததும் சாலொங்கோ போதும் என்றார். அவரைப் படுக்க வைத்தேன். கால்களைத் தூக்கி மேலே வைத்தேன். கச்சையை அவிழ்த்து மடித்துத் தலைமாட்டில் வைத்தேன்.

அதன் பிறகுதான் கட்டிலருகே மண்டியிட்டேன். ரெவரெண்டுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நெடுநேரம் எழவில்லை. நாலொங்கோ வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

உன் அம்மா,
யூனியா